சர்க்கரை குறைந்தது சரி, எதனால் குறைந்தது?

ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் செடியைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை. விஷச்செடிகளே அந்த வேலையைச் செய்யும். ஜமைக்காவில் உண்ணப்படும் அக்கீ என்ற பழத்தை, அது பழுத்துத் தானாக வெடிப்பதற்கு முன்பே பறித்துத் தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். பிறகு வலிப்பு, நினைவிழப்பு. அப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை அடிமட்டத்தில் கிடக்கும். அதில் உள்ள ஹைப்போகிளைசின் என்ற பொருள், கொழுப்பை எரித்து ஆற்றல் எடுக்கும் வழியை அடைத்துவிடுகிறது. அந்த ஆற்றல் கிடைக்காத கல்லீரலால் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்க முடியாது. பிகாரின் முசாஃபர்பூரில் இரவு உணவு உண்ணாமல் லிச்சிப் பழம் தின்ற குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு கண்டு இறந்ததற்குப் பின்னாலும் இதே குடும்பத்து நச்சு இருந்ததை 2014ஆம் ஆண்டு நோய்ப்பரவலை ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள்.

அக்கீயின் சாரத்தை எலிக்குக் கொடுத்து, ரத்தம் எடுத்து, "இத்தாவரம் சர்க்கரையைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது" என்று கட்டுரை எழுதிவிடலாம். எழுதினால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இருக்காது.

மூலிகைகளைச் சோதிக்கும் வேலையின் சிக்கல் இதுதான். எண் குறைவதற்கு இருபது காரணம் இருக்கும். அவற்றில் நோயாளிக்குப் பயன்படுவது இரண்டோ மூன்றோதான். மீதியை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவதுதான் சோதனை. செடி பறிக்கும் இடத்திலிருந்து அந்தக் கழித்தல் தொடங்குகிறது.

பெயரும் சாரமும்

சீந்தில் என்று பொட்டலத்தில் எழுதியிருப்பது டினோஸ்போரா கார்டிஃபோலியாவாக இருக்கலாம். அதன் உறவான டினோஸ்போரா கிறிஸ்பாவாகவும் இருக்கலாம். பொடித்த பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆனால் தாய்லாந்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு கிறிஸ்பாவைக் கொடுத்துப் பார்த்தபோது, போலி மருந்தைவிட நல்ல பலன் எதுவும் தெரியவில்லை. இரண்டு பேருக்குக் கல்லீரல் நொதிகள் வேகமாக ஏறின. இப்படிப்பட்ட குழப்பத்தைத் தவிர்க்க, பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளர் பெயரிட்டு, எண் போட்டு ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தில் வைத்துவிட வேண்டும். எந்த மாதம் பறித்தது, எந்தப் பாகம், இலை முற்றியதா இளசா என்பதும் அந்த எண்ணோடு சேர்ந்திருக்க வேண்டும். இந்த எண் இல்லாத ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க வழியே கிடையாது.

அடுத்தது சாரம். மரபில் செடியைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிச் சுண்டவைத்துக் குடிக்கிறார்கள், அல்லது பொடியாக விழுங்குகிறார்கள். ஆய்வகத்திலோ முதலில் கை போவது மெத்தனால், ஹெக்ஸேன் என்ற கரைப்பான்களுக்கு. ஹெக்ஸேனில் இறங்குவது மெழுகு, எண்ணெய், பச்சையத்தின் ஒரு பகுதி. கஷாயத்தில் இருக்கும் பொருள்களோடு அதற்குப் பெரிய உறவு இல்லை. "மரபு மருத்துவத்தில் பயன்படும் இச்செடி" என்று முன்னுரையில் எழுதிவிட்டு, மரபில் யாருமே குடித்திராத ஒரு பொருளைச் சோதிப்பது இத்துறையில் சலிப்பூட்டும் அளவுக்கு நடக்கிறது. மரபுக் கூற்றைச் சோதிக்க வேண்டுமென்றால் மரபுத் தயாரிப்பையே எடுக்க வேண்டும். புது மூலக்கூறு தேடுவது தனி வேலை. அதற்குத்தான் பல கரைப்பான்களில் வரிசையாகச் சாரம் எடுப்பது.

செய்முறை எளிது. நிழலில் உலர்த்திய இலையை அரைத்துச் சலித்து 100 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, கால் பங்காகச் சுண்டியதும் வடிகட்டி உறைநிலையில் உலர்த்தினால் ஏறத்தாழ 8 முதல் 20 கிராம் சாரம் கிடைக்கும். இந்த விழுக்காட்டைக் குறித்துவைக்காமல் விட்டால் பின்னால் அளவுக் கணக்கு எதுவும் போட முடியாது. சாரம் ஈரத்தை இழுத்துக் கெட்டியாகிவிடும் குணமுடையது. அதனால் ஒரே குப்பியில் வைத்துத் தினம் திறக்காமல் சிறு குப்பிகளாகப் பிரித்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மைனஸ் 20 டிகிரியில் வைப்பது வழக்கம். ஒவ்வொரு தொகுதிக்கும் சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. வரைபடம் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த பருவத்துச் செடி அதேபோல் இருக்கிறதா என்று ஒப்பிடலாம். ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமும் காட்மியம் 0.3 மில்லிகிராமும் தாண்டக்கூடாது என்பது மூலிகைப் பொருள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. அதைத் தாண்டிய தொகுதியை எலிக்குக்கூடக் கொடுக்க வேண்டாம். உலோக நச்சில் எலி சாப்பாட்டைக் குறைத்தால், அதன் பலனும் செடியின் கணக்கில் ஏறும்.

சோதனைக் குழாய் சொல்லும் பொய்

மலிவான முதல் சோதனை, மாவுப்பொருளை உடைக்கும் இரண்டு நொதிகளைச் செடி தடுக்கிறதா என்று பார்ப்பது: ஆல்ஃபா அமைலேஸ், ஆல்ஃபா குளுக்கோசிடேஸ். ஒரே நாளில் முடிந்துவிடும். அதனால்தான் இத்தனை கட்டுரைகள்.

குளுக்கோசிடேஸ் சோதனையில் 6.8 பி.எச். பாஸ்பேட் தாங்கல் கரைசலில் சாரத்தையும் நொதியையும் பத்து நிமிடம் சேர்த்து வைத்து, பிறகு பி.என்.பி.ஜி. என்ற செயற்கை மூலப்பொருளைச் சேர்க்கிறோம். நொதி அதை உடைத்தால் மஞ்சள் நிறம் வரும். சோடியம் கார்பனேட் ஊற்றி நிறுத்தி 405 நானோமீட்டரில் படிக்கிறோம். மஞ்சள் குறைந்தால் நொதி தடுக்கப்பட்டது என்று பொருள். இதில் முதல் பள்ளம், செடிச்சாரமே மஞ்சள் அல்லது பழுப்பாக இருப்பது. ஒவ்வொரு செறிவுக்கும், சோதனைத் தட்டில் நொதி சேர்க்காத ஒரு குழியை வைத்து அதன் அளவைக் கழிக்க வேண்டும். எல்லாச் செறிவுக்கும் பொதுவாக ஒரே வெற்றுக்குழி வைத்தவர்களின் வரைபடம் வளைந்து நெளிந்து போகும்.

இரண்டாவது பள்ளம் நொதியிலேயே இருக்கிறது. புட்டியில் விலை குறைவாகக் கிடைப்பது ஈஸ்ட் நொதி. மனிதக் குடலில் இருப்பது வேறு அமைப்புள்ள நொதி. குடல் நொதியைக் கட்டிப்போடும் அகார்போஸ் மருந்து, ஈஸ்ட் நொதியை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆகவே ஈஸ்ட் நொதியில் ஏறத்தாழ எந்தச் செடியை வைத்தாலும் "அகார்போஸைவிடப் பல மடங்கு வீரியம்" என்று வந்துவிடும். ஓடத் தெரியாத ஆளோடு பந்தயம் வைத்து ஜெயித்த கதை. எலியின் குடல் அசிட்டோன் பொடியை உப்புநீரில் அரைத்து, சுழற்றித் தெளிவை எடுத்து, மால்ட்டோஸையும் சுக்ரோஸையும் மூலப்பொருளாக வைத்து, வெளிவரும் குளுக்கோஸை அளப்பதே பொருளுள்ள சோதனை. வேலை அதிகம், ஆனால் வரும் எண்ணை நம்பலாம்.

மூன்றாவது, துவர்ப்பைத் தரும் டானின். துவர்ப்புள்ள எந்தச் சாரமும் புரதத்தைப் பிடித்து வீழ்படிவாக்கும். நொதியும் ஒரு புரதம்தானே. கொட்டைப்பாக்கையோ கடுக்காயையோ போட்டால் எந்த நொதியும் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: அதே சோதனையில் மாட்டுச் சீரம் ஆல்புமின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சேர்த்துப் பாருங்கள். தடுப்பு மறைந்துவிட்டால், டானின் கிடைத்த புரதத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது, நொதியைக் குறிவைக்கவில்லை என்று தெரியும். 0.01 விழுக்காடு ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புப்பொருள் சேர்த்தால், கொத்துக்கொத்தாகத் திரண்டு நொதியை விழுங்கும் சேர்மங்களின் பொய்த்தடுப்பும் கலைந்துவிடும்.

அமைலேஸுக்கு டி.என்.எஸ். முறை: ஒடுக்கும் சர்க்கரை இருந்தால் கொதிக்கவைக்கும்போது செம்பழுப்பு வரும், 540 நானோமீட்டரில் படிக்கலாம். செடிச்சாரத்தில் இயல்பாகவே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருக்கும் என்பதை மறந்தால், இங்கே பிழை எதிர்த்திசையில் வரும். நல்ல செடி கெட்ட பெயர் வாங்கும்.

செல்களில் செய்யும் சோதனைகளில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சிறுகுறிஞ்சான் சாரத்தைக் கணையச் செல்கள் மீது ஊற்றினால் இன்சுலின் வெளியே வருகிறது. 1999இல் வெளியான ஒரு ஆய்வு, அந்தச் சாரம் செல்லின் சவ்வையே ஓட்டையாக்குவதால் இன்சுலின் கசிகிறது என்று காட்டியது. சப்போனின் நிறைந்த சாரங்கள் சோப்பைப்போல் வேலை செய்யும். இன்சுலின் சுரந்ததா, ஒழுகியதா? கண்டுபிடிக்க, அதே திரவத்தில் எல்.டி.எச். நொதியையும் அளக்க வேண்டும். வெளியே வரவே கூடாத அந்த நொதியும் வந்திருந்தால் செல் உடைந்திருக்கிறது.

எலிக்குச் சர்க்கரை வரவைப்பது

இத்துறையின் பெரும்பான்மைத் தரவு எலியிலிருந்து வருகிறது. பெரும்பான்மைத் தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன.

வழக்கமாகப் பயன்படும் இரண்டு நஞ்சுகள் அல்லோக்சானும் ஸ்ட்ரெப்டோசோடோசினும். 1943இல் அல்லோக்சான் முயலின் கணையத்தில் இன்சுலின் செல்களை மட்டும் அழிப்பது கவனிக்கப்பட்டது. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஒரு மண் நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த நுண்ணுயிர்க்கொல்லி. அது சர்க்கரை நோயை உண்டாக்கும் என்பது 1963இல் தெரிந்தது. இரண்டுமே குளுக்கோஸ் நுழையும் கதவான குளூட்-2 வழியாக, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் புகுகின்றன. மனித பீட்டா செல்லில் அந்தக் கதவு குறைவு, அதனால் இரண்டும் மனிதருக்கு அவ்வளவு பாதிப்பில்லை என்பது ஒரு சுவையான செய்தி. எலிமாதிரி மனிதநோயின் நகல் இல்லை என்பதையும் அதுவே சொல்கிறது.

ஸ்ட்ரெப்டோசோடோசினைக் கையாளும் விதத்திலேயே பாதிச் சோதனைகள் தோற்றுப்போகின்றன. நடுநிலைக் கரைசலில் அது நிற்காது, 0.1 மோலார் சிட்ரேட் தாங்கல், பி.எச். 4.5, பனிக்கட்டி மேல் வைத்துக் கரைத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். நாற்பது எலிக்கும் சேர்த்து ஒரே குழாயில் கரைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டால், கடைசி எலிக்குப் போவது பாதி செத்த மருந்து. அதன் சர்க்கரை ஏறாது. எறும்பு வரிசைபோல் கூண்டு கூண்டாக ஊசி போட்டு, கடைசிக் கூண்டுகளைச் "சாரம் கொடுக்கும் குழு" என்று வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சரியான முறை, மருந்தை முன்கூட்டியே அலுமினியத் தாளில் சுற்றிய சிறு குழாய்களில் எடை போட்டு மைனஸ் 20 டிகிரியில் வைத்துக்கொண்டு, ஆறு எட்டு எலிக்கு ஒரு குழாயாகக் கரைப்பது. கிலோவுக்கு 55 மில்லிகிராம் என்றால் 200 கிராம் எலிக்கு 11 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் 55 மில்லிகிராம் இருக்கும்படி கரைத்தால் ஊசி 0.2 மில்லிலிட்டர். கையுறையும் புகைவாங்கியும் கட்டாயம்; இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

ஊசி போட்ட பிறகு சர்க்கரை நேராக ஏறுவதில்லை. முதலில் ஏறும், பிறகு, சாகும் செல்களிலிருந்து சேமித்திருந்த இன்சுலின் எல்லாம் கொட்டுவதால் சில மணி நேரம் ஆபத்தான அளவுக்கு இறங்கும், அதன் பின்னரே நிலையாக ஏறும். அந்த இடைப்பட்ட இரவில் எலிகள் சாவது இதனால்தான். முதல் 24 மணி நேரம் குடிநீரில் 5 முதல் 10 விழுக்காடு குளுக்கோஸ் கலந்து வைப்பார்கள். 72 மணி நேரம் கழித்து அளந்து டெசிலிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் ஒரு வாரம் காத்திருந்து இரண்டாம் முறை அளந்து, அதன் பிறகே சீட்டுக் குலுக்கிக் குழு பிரிப்பது நல்லது. அல்லோக்சான் கொடுத்த எலிகளில் ஒரு பகுதி தானாகவே தேறிவிடும் என்பது பழைய பாடம். 1980களின் தொடக்கத்தில் வேங்கை மரத்தின் எபிகேட்டசின் அழிந்த பீட்டா செல்களை மீண்டும் வளரவைக்கிறது என்ற செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பி வரவில்லை.

குழுக்கள் எப்படி அமைய வேண்டும்? இயல்பான எலிகள், நோயுற்று சாரத்தைக் கலக்கப் பயன்படும் 0.5 விழுக்காடு சி.எம்.சி. கரைசல் மட்டும் பெறும் எலிகள், நோயுற்றுத் தெரிந்த மருந்து பெறும் எலிகள், நோயுற்றுச் சாரத்தை மூன்று அளவுகளில் பெறும் எலிகள். அளவு கூடக்கூடப் பலன் கூட வேண்டும். கிலோவுக்கு 100 மில்லிகிராமிலும் 400 மில்லிகிராமிலும் ஒரே பலன் என்றால் சந்தேகப்படுங்கள். இயல்பான எலிகளுக்கும் சாரம் கொடுத்துப் பார்க்கும் குழு ஒன்று சேர்ப்பது மிகவும் பயனுள்ளது. அவற்றுக்கும் சர்க்கரை தாழ்ந்தால், அக்கீயின் வழியா என்று யோசிக்க வேண்டும்.

ஒப்பீட்டு மருந்தைத் தேர்வதில் ஒரு வேடிக்கையான தவறு தொடர்ந்து நடக்கிறது. அதிக அளவு ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்து பீட்டா செல்களை ஒழித்துவிட்டு, ஒப்பிட கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையைக் கொடுப்பார்கள். அந்த மருந்து வேலை செய்வதே பீட்டா செல்லைத் தூண்டித்தான். செல் இல்லாத எலியில் அது சர்க்கரையை "அருமையாகக் குறைத்தது" என்று அட்டவணை சொன்னால், ஒன்று செல்கள் அழியவில்லை, அல்லது அட்டவணையில் கோளாறு. கட்டுரையைப் படிப்பவர்கள் இந்த வரியை முதலில் தேடிப் பார்க்கலாம். மீதியை நம்புவதா வேண்டாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாம் வகை நோயைப் பின்பற்ற வேண்டுமானால் சில வாரம் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து, பிறகு கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்று குறைந்த அளவு ஊசி போடும் முறை இருக்கிறது. நிகோட்டினமைடு கொடுத்துச் செல்களில் ஒரு பகுதியைக் காப்பாற்றும் முறையும் உண்டு. அங்கே கிளிபென்கிளமைடுக்கு இடம் உண்டு.

இனி, மிகச் சாதாரணமான, ஆனால் மிக அதிகமாகத் தப்பிப்போகும் காரணம்: பசி. கசப்பான சாரத்தைத் தினமும் குழாய் வழியாக வயிற்றில் இறக்கினால் எலி தீனியைக் குறைத்துவிடும். குறைவாகத் தின்ற எலிக்குச் சர்க்கரை குறையும்; எடையும் குறையும். நோய் தணிந்திருந்தால் எடை ஏற வேண்டும். எனவே தீனியையும் தண்ணீரையும் தினமும் நிறுக்க வேண்டும். சாரக்குழு குறைவாகத் தின்றால், அது தின்ற அளவே தீனி பெறும் இணைக்குழு ஒன்றை வைத்து ஒப்பிட வேண்டும். இந்த ஒரு குழுவைச் சேர்த்தால் கணிசமான கண்டுபிடிப்புகள் காற்றில் போய்விடும் என்பது என் கணிப்பு. அதனால்தானோ என்னவோ, இதைச் சேர்ப்பவர்கள் குறைவு.

பலன் குடலிலா, உடலுக்குள்ளா என்பதைப் பிரிக்க ஒரு அழகான வழி இருக்கிறது. சாரம் கொடுத்து அரை மணி நேரம் கழித்து, கிலோவுக்கு 2 கிராம் சர்க்கரைப் பொருளைக் கொடுத்து 0, 30, 60, 90, 120 நிமிடங்களில் அளக்கிறோம். இதையே நான்கு விதமாகச் செய்யலாம். மாவுச்சத்து கொடுத்தால் ஏற்றம் குறைகிறது, குளுக்கோஸ் கொடுத்தால் குறையவில்லை என்றால் செடி நொதியைத் தடுக்கிறது. பொன்கொரண்டி வகைகளில் உள்ள சலாசினோல் இந்த இனம். சுக்ரோஸில் மட்டும் வேலை செய்தால் குடலின் சுக்ரேஸ். வாய்வழிக் குளுக்கோஸிலும் குறைகிறது, ஆனால் வயிற்றறைக்குள் ஊசியாகக் கொடுத்த குளுக்கோஸில் குறையவில்லை என்றால், இரைப்பை மெல்லக் காலியாகிறது அல்லது உறிஞ்சுதல் தாமதமாகிறது; வெந்தயத்தின் பிசின்போன்ற நார் இப்படித்தான். ஊசியிலும் குறைந்தால்தான் கல்லீரல், தசை, இன்சுலின் என்று மேலே பேச முடியும். ஒரு வாரத்தில் முடிகிற இந்த வேலை, ஒரு மாத எலிச்சோதனையைவிட அதிகம் சொல்லும்.

அளவுக்கருவியின் பங்கு

இத்தனையும் சரியாகச் செய்து, ரத்தம் எடுப்பதில் கோட்டைவிடலாம். எடுத்து வைத்த முழுரத்தத்தில் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு குறையும். நாற்பது எலிக்கு, ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். எல்லாக் குழாயையும் கடைசியில் ஒன்றாகச் சுழற்றினால், முதலில் ரத்தம் கொடுத்த எலியின் அளவு பத்து விழுக்காட்டுக்கு மேல் தாழ்ந்திருக்கும். குழு வரிசைப்படி எடுக்காமல் கலந்து எடுப்பதும், ஒவ்வொரு சிறு தொகுதியையும் உடனே சுழற்றுவதும்தான் மருந்து. சோடியம் ஃபுளோரைடு குழாய் உதவும்; ஆனால் அது முழுதாக வேலை தொடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

குளுக்கோமீட்டருக்கு அதற்கென்று குறைகள். பல கருவிகள் 600க்கு மேல் "ஹை" என்று மட்டும் காட்டும். அதை 600 என்று எழுதிக்கொண்டால் நோயுற்ற குழுவின் உண்மையான சராசரி மறைந்துபோகும். ரத்தத்தை நீர்த்து ஆய்வகக் கருவியில் அளப்பதே சரி. நெல்லிபோல் வைட்டமின் சி மிகுந்த சாரம் என்றால் பெராக்சிடேஸ் நிறமுறையில் அளவு குறைவாகவும், மின்வேதியியல் பட்டையில் சில கருவிகளில் கூடுதலாகவும் காட்டலாம். சாரத்தைச் சர்க்கரை அளவு தெரிந்த கரைசலில் நேரடியாகக் கலந்து ஒருமுறை அளந்து பார்த்தால் இந்தக் குறுக்கீடு பிடிபட்டுவிடும். ஐந்து நிமிட வேலை.

எலியின் அளவு மனிதனுக்கு என்ன?

உடல் மேற்பரப்பின் அடிப்படையில், எலிக்குக் கொடுத்த மருந்தளவை 6.2ஆல் வகுத்தால் மனித மருந்தளவு வரும். சுண்டெலி என்றால் 12.3. கட்டுரைகளில் அடிக்கடி காணும், கிலோவுக்கு 400 மில்லிகிராமை எடுத்துக்கொள்வோம். 400ஐ 6.2ஆல் வகுத்தால் கிலோவுக்கு 64.5 மில்லிகிராம், 60 கிலோ மனிதருக்கு 3.9 கிராம் சாரம். சாரத்தின் விளைச்சல் 10 விழுக்காடு என்றால் 39 கிராம் உலர் இலை. பச்சை இலை காய்ந்தால் கால் பங்காகும் என்று வைத்தால் தினம் 155 கிராம் பச்சை இலை. ஒரு கட்டு கீரை அளவு. கசப்பைப் பொறுத்துக்கொண்டால் முடியும். அதே 400, விளைச்சல் 2 விழுக்காடே உள்ள பெட்ரோலியம் ஈதர் சாரம் என்றால் கணக்கு தினம் 195 கிராம் உலர் இலைக்குப் போகும். பச்சையாக முக்கால் கிலோவுக்கு மேல். எலியில் வெற்றி, மனிதனுக்கு மாட்டுத்தீவனம். இந்த நான்கு வரிக் கணக்கைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே போட்டுப் பார்த்தால் நிறைய எலிகள் பிழைக்கும்.

நச்சுச் சோதனையும் இதோடு சேர்ந்தது. ஓ.இ.சி.டி. அமைப்பின் 423ஆம் சோதனை விதிப்படி ஒரு படிக்கு மூன்று விலங்குகள், உச்ச அளவு கிலோவுக்கு 2000 மில்லிகிராம், 14 நாள் கவனிப்பு. ஒரே தடவை கொடுத்துச் சாகவில்லை என்பது மாதக்கணக்கில் குடிக்கலாம் என்பதற்குச் சான்றாகாது. அதற்கு 28 நாள், 90 நாள் சோதனைகள் தனியாக இருக்கின்றன. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தே தீர வேண்டும்.

செடியிலிருந்து சேர்மத்துக்கு

சாரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சோதித்து, வேலை செய்வதை மேலும் பிரித்துக்கொண்டே போனால் ஒரு நாள் தனிச் சேர்மம் கையில் வரும். பல சமயம் பாதி வழியில் பலன் காணாமல் போகும்: சேர்மம் வெப்பத்தில் சிதைந்திருக்கலாம், இரண்டு சேர்மங்கள் சேர்ந்து வேலை செய்திருக்கலாம், அல்லது முதலில் கண்ட பலனே டானினுடையதாக இருந்திருக்கலாம்.

கிடைத்தாலும் அதுவே மருந்தாகிவிடுவதில்லை. ஐரோப்பாவின் கலேகா அஃபிசினாலிஸ் செடியில் உள்ள கலேகின் சர்க்கரையைக் குறைக்கும். கால்நடையைக் கொல்லவும் செய்யும். அதன் வேதியியல் உறவான மெட்ஃபார்மின் 1922இல் தயாரிக்கப்பட்டு, 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் மனிதரிடம் பலனை வெளியிட்ட பிறகே மருத்துவத்துக்கு வந்தது. அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1994 ஆனது. ஆப்பிள் மரப்பட்டையின் ஃபுளோரிசின் கதை இன்னும் நீளம். 1835இல் பிரித்தெடுத்தார்கள், அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதை 1880களில் கண்டார்கள். குடலிலேயே உடைந்துவிடுவதால் மாத்திரையாகப் பயன்படவில்லை. குடலில் தப்பிக்கும்படி வடிவத்தை மாற்றிய பிறகுதான் டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் 2010களில் வந்தன.

மனிதரிடம் சோதிக்கும்போது

சர்க்கரை கட்டுக்குள் வராததால்தான் ஒருவர் ஆய்வுக்கு வருகிறார். அதாவது, அவருடைய எண் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் சேர்க்கிறோம். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் அடுத்த அளவீட்டில் சற்று இறங்கும். ஆய்வில் சேர்ந்ததும் உணவுக் கட்டுப்பாடு இறுகும், நடைப்பயிற்சி கூடும், பழைய மாத்திரையை மறக்காமல் போடுவார், இன்னும் இறங்கும். ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால் இந்த இறக்கம் எல்லாம் செடியின் புகழாகிவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வேங்கையை வைத்து நான்கு மையங்களில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது; பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 2 கிராமே போதுமானதாக இருந்தது. கவனமாகச் செய்த வேலைதான். ஆனால் போலி மருந்துக் குழு இல்லாததால், அந்த 67இல் எத்தனை வேங்கையுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பாகற்காயைப் பற்றி 2012இல் காக்ரேன் அமைப்புக்காகத் தொகுப்பாய்வு செய்தவர்களுக்குத் தேறியவை நான்கு ஆய்வுகள், 479 பேர். பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்று முடித்தார்கள்.

ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதும் கணக்குத்தான். இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யில் 0.5 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், நபருக்கு நபர் திட்ட விலக்கம் 1 என்றால், குழுவுக்கு ஏறத்தாழ 64 பேர். பாதியில் விடுபவர்களுக்கு இடம் விட்டால் 80. இருபது பேரை வைத்துச் செய்த ஆய்வு "பலன் இல்லை" என்றாலும் "பலன் உண்டு" என்றாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலம் 12 வாரத்துக்குக் குறையக் கூடாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் அதற்கு முன் எச்.பி.ஏ.1.சி. முழுதாக அசையாது.

அந்த அளவும் ஏமாற்றும். சிவப்பணு சீக்கிரம் உடைந்தால் எச்.பி.ஏ.1.சி. பொய்யாகத் தாழும். இரும்புக் குறைபாடு இருந்தால் பொய்யாக உயரும். குறை தீர்ந்தால் இறங்கும். இரும்புச் செந்தூரம் சேர்ந்த தயாரிப்பைச் சோகையுள்ளவருக்குக் கொடுத்தால், குளுக்கோஸ் ஒரு மில்லிகிராம்கூட மாறாமல் எச்.பி.ஏ.1.சி. மட்டும் அழகாக இறங்கக்கூடும். ஹீமோகுளோபினையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்து வெளியிடாத மூலிகை ஆய்வை அதனால் பாதி மதிப்பில் படிப்பது நல்லது.

யாருக்கு உண்மை மருந்து, யாருக்குப் போலி என்று தெரியாமல் வைக்கும் மறைப்பு இன்னொரு தலைவலி. சிறுகுறிஞ்சான் நாக்கில் பட்டால் இனிப்புச் சுவையே தெரியாது; ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்பு ஏற்பியை மறைத்துவிடுகின்றன. பொடியாகக் கொடுத்தால் முதல் நாளே தனக்கு வந்தது உண்மை மருந்து என்று ஆளுக்குத் தெரிந்துவிடும். இனிப்பு பிடிக்காமல் போய் அதனாலும் சர்க்கரை குறையும். கெட்டியான உறை மாத்திரையில் அடைக்க வேண்டும். முடிவில் ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு வந்தது எது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுக் குறித்தால் மறைப்பு தாங்கியதா என்று தெரியும். ஏற்கெனவே கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களைச் சேர்த்தால் தாழ்சர்க்கரை வரும் என்று எதிர்பார்த்து, மாத்திரையைக் குறைக்கும் விதியை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாரக்குழுவில் மாத்திரை குறைக்கப்பட்டு, பலன் இருந்தும் அது எண்ணில் தெரியாமல் போகும்.

கடைசியாக ஒரு சோதனை. ஆனால் ஆய்வு தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது. தயாராக வாங்கிய ஒரு மூலிகைப் பொடி, முதல் வேளையிலேயே இரண்டு மணி நேரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கினால் மகிழ்ச்சியடைய அவசரப்பட வேண்டாம். செடிகள் பெரும்பாலும் மெதுவாக, சிறிதளவே வேலை செய்யும். அப்படிச் சடாரென்று இறக்குவது சல்ஃபோனைல்யூரியாவின் கை. மூலிகைப் பொடிகளில் கிளிபென்கிளமைடும் மெட்ஃபார்மினும், பல நாடுகளில் தடைசெய்யப்பட்ட ஃபென்ஃபார்மினும் கலந்திருந்தது வெவ்வேறு நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பொடியில் ஒரு கிராமை மெத்தனாலில் கரைத்து சேர்மங்களைப் பிரித்து எடை பார்க்கும் எல்.சி.-எம்.எஸ். கருவியில் செலுத்தி, கிளிபென்கிளமைடின் தூய மாதிரியைப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால் ஒரு மதிய நேரத்தில் விடை தெரிந்துவிடும். இரண்டு உச்சியும் ஒரே நிமிடத்தில் எழுந்து, எடையும் 494 என்று ஒத்துப்போனால், பொடி போன இடம் வரை தேடிப்போய் அதைக் குடித்தவர்களுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும்.